அண்டங்காகத்துக்கு வைத்த சோறு

புனிதவதி ஒரு கதிரையில் முழுதாகச் சாய்ந்திருந்து நான் பார்த்ததில்லை. விளிம்பில்தான் இருப்பாள். தேத்தண்ணி கொடுத்தால் பாதியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய், என்னுடைய குசினியில் கிடக்கிற கோப்பைகளைக் கழுவத் தொடங்கிவிடுவாள்.

"இருந்து குடி பிள்ளை. கோப்பை எங்கையும் ஓடாது."

"கை சும்மா இருக்குதில்லை அன்ரி."

ரொறொன்ரோவின் வோபர்னில் நாங்கள் இருக்கிற கட்டடத்தில் அவளுடைய கதவும் என்னுடைய கதவும் எதிரெதிரே. ஒன்பதாம் மாடி. பதினாறு வருசமாகப் பார்க்கிறேன். சாவி கதவில் திரும்புகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு அவளுக்கு மனம் எப்படி என்று சொல்லிவிடுவேன். உன்னுடைய கதையைச் சொல்லப்போகிறேன் என்றபோது, "சொல்லுங்கோ. ஆனா நல்லவள் வல்லவள் எண்டு ஒண்டும் சேர்க்காதேங்கோ" என்றாள். சரி, சேர்க்கவில்லை.

பிறந்தது வேலணை. இருபத்தாறு வயதில் இங்கே வந்தாள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானத்தில் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் வேலை. பஸ் மாறி மாறிப் போகவேண்டும். புருசன் ஜெயரட்ணம் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் சாமான் தூக்குகிற வண்டி ஓட்டினவர். ஒரே பிள்ளை கௌசி. அவளைக் கணக்காளராக்கலாம், மருந்தாளராக்கலாம் என்று எல்லோரும் யோசனை சொல்ல, அவள் மிருகங்களைப் பற்றிப் படித்தாள். படித்து முடிய அமெரிக்காவில் வேலை கிடைத்தது. வேலை என்றால் ஒஃபீஸ் வேலை இல்லை. கலிபோர்னியாவும் நெவாடாவும் முட்டுகிற இடத்தில் ஒரு பாலைவனம். அங்கே ஆமை, நரி, ஓணான் என்று அந்த மண்ணிலேயே பிறந்து வளருகிற உயிர்களைக் காப்பாற்ற ஒரு சரணாலயம் வைத்திருக்கிறார்கள். கடைக்குப் போவதென்றால் ஒன்றரை மணித்தியாலம் வாகனம் ஓடவேண்டும்.

அந்த வேலைக் கடிதம் வந்த கிழமைதான் வீட்டில் சண்டை.

"குமர்ப்பிள்ளையைப் பாம்பும் தேளும் கிடக்கிற இடத்துக்கு அனுப்பப் போறியளோ?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"பாம்புக்கும் தேளுக்கும் உன்னை விட விளக்கம் இருக்கும். அவள் போகட்டும்" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

காலையில் தொடங்கிய பேச்சு, அவர் சப்பாத்துப் போடும்வரை நிற்கவில்லை. அவர் சாப்பாட்டுப் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். வேண்டுமென்றுதான் விட்டார். அன்றைக்குப் பதினொரு மணிக்குப் பண்டகசாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை. மேசையில் பெட்டி. உள்ளே சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் நான்தான் அதைத் திறந்து கழுவினேன். அவள் தொடவில்லை.

சாப்பிடாமல் போன மனிதர். அதுதான் அவளுக்கு. நெஞ்சுவலி வந்தது, வயது வந்தது என்று எவ்வளவு சொன்னாலும் அவளுக்குச் சாப்பிடாமல் போனதுதான் கணக்கு.

எங்களுடைய வழக்கம் தெரியும்தானே. திவசத்துக்குச் சமைத்தால் வீட்டில் ஒருவரும் வாயில் வைக்கமுதல் காகத்துக்கு வைக்கவேண்டும். காகம் கொத்தினால் போனவர் சாப்பிட்டார். காகம் வராவிட்டால் அவருக்கு ஏதோ குறை. ஊரில் இது பெரிய விசயமில்லை. கா என்று ஒரு சத்தம் போட்டால் பத்து வரும். வோபர்னில் என்ன செய்வது? முதல் வருசம் வாகனம் நிறுத்துகிற இடத்தின் மூலையில் வைத்தாள். கடற்பறவைகள் வந்து அடிபட்டுத் தின்றன. அடுத்த வருசம் அணில். கட்டடத்து மனேச்சர் வந்து, பறவைகளுக்குச் சாப்பாடு போடக்கூடாது என்று கதவிலே கடதாசி ஒட்டிவிட்டுப் போனான். மூன்றாம் வருசம் வாழையிலையும் சோறும் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பூங்காவுக்குப் போனோம். நானும் போனேன். பனி கொட்டிக் கிடந்தது. மரத்தில் இரண்டு காகம் உண்மையிலேயே இருந்தன. இவள் கூப்பிட்டாள். அவை சோற்றைப் பார்த்தன, எங்களைப் பார்த்தன, பறந்துபோயின. சோறு எங்கள் கண் முன்னே விறைத்துக் கல்லாகியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அந்தாள் இன்னும் கோவமாத்தான் நிக்குது அன்ரி."

"விசர்க் கதை கதையாத. குளிருக்கு அது பறந்திட்டுது."

"குளிர் எண்டா மற்றக் காகம் ஏன் பறந்தது?"

நான் வெறும் பையை அவளிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

இந்த வருசம் பங்குனியில் கௌசி விமான ரிக்கற் போட்டுத் தாயைக் கூப்பிட்டாள். ஒரு மாதம் வந்து நில்லுங்கோ என்றாள். அப்பாவின் திவசமும் அந்த மாதத்துக்குள் வருகிறது, இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம் என்றாள். புனிதவதி அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள் எல்லாம் கட்டிக்கொண்டு போனாள். இனி நான் சொல்லப்போவது அவள் சொன்னதும் பிறகு கௌசி சொன்னதும்தான். நான் அந்தப் பாலைவனத்தைப் பார்த்தது போனில் மட்டும்.

அங்கே கௌசியின் வேலை ஆமை வளர்ப்பது. முட்டையிலிருந்து வந்த ஆமைக் குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்குகிற தேசிக்காய் அளவுதானாம். ஓடு எங்கள் நகம் மாதிரி, அமத்தினால் நெளியும். அதை அப்படியே வெளியில் விட்டால் அண்டங்காகம் வந்து ஓட்டைக் கொத்தித் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். முன்பு அந்தப் பக்கத்தில் அண்டங்காகம் இவ்வளவு இல்லை. மனிதர்கள் போடுகிற குப்பையும் மிச்சச் சாப்பாடும் அதைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன. அதனால் ஆமைக் குஞ்சுகளை வலைக்குள்ளே இரண்டு வருசம் வைத்து, ஓடு கொஞ்சம் இறுகியபிறகு வெளியில் விடுவார்கள். கௌசி இப்படி நாற்பத்துமூன்று வளர்த்திருந்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னக் கருவி ஒட்டியிருக்கும். அது எங்கே போனாலும் தேடிக் கண்டுபிடிக்கலாம். தூக்கவும் பக்குவம் வேண்டும். பயந்தால் அது சலம் விட்டுவிடும். மழை இல்லாத இடத்தில் அதுதான் அது சேர்த்து வைத்திருக்கிற தண்ணீர்.

போய் இறங்கிய அன்றே, கேற்றுக்குள் நுழையமுதல் வாகனத்தை நிறுத்தி மகள் சொல்லியிருக்கிறாள்: "அம்மா, இது ஒண்டு மட்டும். சாப்பாட்டு மிச்சம், குப்பை, தோல், ஒண்டுமே வெளியில போடக்கூடாது. ஒரு பருக்கையும். சீரியஸ்லி."

"நான் என்ன குப்பை கொட்டுறவளோ?" என்றாள் இவள்.

அங்கே வால்டர் என்று ஒரு வயதான வெள்ளைக்காரர். தண்ணீர்ப் பம்ப், வேலி, குப்பைத் தொட்டி எல்லாம் அவருடைய பொறுப்பு. பெண்சாதி செத்துப்போன மனிதர். இவளுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆனால் இரண்டாம் நாளே நிழல் விழுகிற பக்கத்தில் இவளுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். அதிலும் இவள் விளிம்பில்தான் இருந்தாளாம்.

நாலாம் நாள் திவசம். கௌசிக்கு விடியவே ஆமைகள் இருக்கிற பக்கம் போகவேண்டி வந்துவிட்டது, மத்தியானம் வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனாள். இவள் தனியாகச் சமைத்தாள். வாழையிலை இல்லை, ஒரு சாப்பாட்டுத் தட்டு. பதினொரு மணிக்கு, அவர் விழுந்த நேரத்துக்கு, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

வந்துவிட்டது. கூப்பிட்ட வாய் மூடமுதல் வந்தது. ஊர்க் காகம் மாதிரி இல்லை, கோழியளவு, கன்னங்கரேலென்று, தாடி வைத்த மாதிரிக் கழுத்து. தட்டுக்குப் பக்கத்தில் நடந்து வந்து, அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, முதலில் கத்தரிக்காயைக் கொத்தியது.

எனக்குப் போன் வந்தது. படம் ஆடுகிறது. "பாருங்கோ அன்ரி. சாப்பிடுறார்."

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான்தான் சொன்னேன்: "நாலு வருசப் பசி பிள்ளை. ஒரு நாளோட விட்டிடாத. நிக்கிறமட்டும் வை."

வைத்தாள். இருபத்திரண்டு நாள். தினமும் பதினொரு மணி, தினமும் தாங்கிக்குப் பின்னால். கௌசி பிற்பகல்தான் வருவாள். வரும்போது தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு ஏழாகியது. ஏழும் வரிசையாகக் கம்பியில் இருந்து அவளுக்காகப் பார்த்துக்கொண்டிருக்குமாம். மகள் சொன்னது ஞாபகம் வரவில்லையா என்று பிறகு நானே கேட்டேன். ஞாபகம் வந்ததாம். ஆனால் அது மிச்சச் சாப்பாடு இல்லை, தாங்கள் தின்னமுதல் வைத்தது என்று நினைத்தாளாம். இதை வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்த முடியாது. எனக்கு விளங்கியது.

அவள் திரும்புகிற கிழமை நாற்பத்துமூன்று ஆமைகளையும் வெளியில் விட்டார்கள். ஒரு பெட்டியை இவளே சுமந்துகொண்டு போனாள். ரொறொன்ரோ வந்து இறங்கியவள் என் வீட்டுக் கதிரையில் இருந்து முழுக் கோப்பைத் தேத்தண்ணியையும் குடித்தாள். நானே அதிசயப்பட்டேன்.

அது மூன்று கிழமைதான்.

வைகாசியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவளின் சாவி கதவில் இரண்டு மூன்று தரம் தவறித் தவறித் திரும்பியது. பிறகு என்னுடைய கதவில் தட்டினாள். உடுப்பும் மாற்றவில்லை, தலையில் போடுகிற வலைத்தொப்பியும் கழற்றவில்லை.

"கௌசி போன் எடுத்தவள். பத்தொன்பது செத்திட்டுது அன்ரி."

"என்ன செத்தது?"

"ஆமை. ஓட்டில ஓட்டை. வேலிக் கம்பிக்குக் கீழ வெறும் ஓடாக் கிடந்ததாம். ஒவ்வொண்டாப் பொறுக்கினவளாம்."

அவள் நின்ற நிலையிலேயே சொன்னாள். அண்டங்காகங்கள் எங்கேயோ நல்லாய்ச் சாப்பிட்டுப் பழகி அந்த இடத்தை விட்டுப் போகாமல் நிற்கின்றனவாம். சாப்பாடு நின்றதும் பக்கத்தில் என்ன கிடைக்கும் என்று பார்த்திருக்கின்றன. மேலதிகாரி றேச்சல் என்கிற பெண் விசாரித்திருக்கிறாள். குப்பைத் தொட்டியின் மூடி இரண்டு தரம் பூட்டாமல் கிடந்ததை யாரோ கண்டிருக்கிறார்கள். தொட்டி வால்டருடைய பொறுப்பு. வருகிற வெள்ளிக்கிழமையோடு அவரை அனுப்பப்போகிறார்கள்.

"பிள்ளையிட்டக் கேட்டன், காகம் எத்தினை மணிக்குக் கூடுதாம் எண்டு. பதினொண்டு எண்டாள்."

குசினிக்குப் போய்க் கோப்பை தேடினாள். கழுவ ஒன்றும் இருக்கவில்லை. கழுவிய கோப்பைகளை எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

"கௌசிக்குச் சொன்னியோ?"

"இல்லை."

"நல்லது. சொல்லாத."

தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாக்கிறாய்? அவள் உன்னைக் கொண்டுபோய் வைச்சிருந்தவள். சட்டம் அவளுக்குத் தெரியும். நீ செய்தது எண்டு தெரிஞ்சா அந்தக் கிழவனை விட்டிட்டு உன்ர பிள்ளையைத்தான் அனுப்புவினம். அவளுக்குக் கொன்ராக்ட் எழுதிற மாசம் இது."

"அப்ப வால்டர்?"

"அவருக்கு வயது போட்டுது. எப்பிடியும் வீட்டை போறவர்தானே."

நான் அப்படித்தான் சொன்னேன். பொய் சொல்லிப் பிரயோசனமில்லை. எனக்குக் கௌசியைத் தெரியும், வால்டரைத் தெரியாது.

"அவருக்கு வீடு இல்லை அன்ரி" என்றாள் அவள். "அங்க நிக்கிற றெயிலர் வண்டிதான் வீடு."

அந்தக் கிழமை அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. லிஃப்ற் வேலை செய்யும்போதே ஒன்பது மாடியையும் படியால் இறங்கினாள். மார்க்கம் றோட்டில் பஸ் தரிப்பைத் தாண்டி அடுத்த தரிப்புவரை நடந்து, அங்கே பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கடுத்த தரிப்புக்கு நடந்தாள். செவ்வாய்க்கிழமை வேலையில் இருநூறு தட்டுக்குக் கரண்டி வைக்காமல் அடுக்கிவிட்டாள். மேற்பார்வை பார்க்கிறவன் எல்லாவற்றையும் திருப்பிப் பிரிக்கச் செய்து ஏசினான். எனக்கு மூன்று தரம் மாவிடித்துத் தந்தாள். என்னிடம் அவ்வளவு அரிசியே இல்லை.

புதன்கிழமை பின்னேரம் கேட்டேன், "கோயிலுக்குப் போவமோ?"

"போய் என்னத்தைக் கேக்க? அவர் சாப்பிடவேணும் எண்டு கேட்டன், சாப்பிட்டார். அதுக்கு மற்ற மனுசன் பட்டினி கிடக்கவேணுமெண்டு நான் கேக்கேல்லை."

புருசனுக்குக் கோபம் தீர்ந்துவிட்டதென்று மூன்று கிழமை இருந்தவள். இப்போது அந்தச் சோறே இப்படி ஆகிவிட்டது. அதுதான் அவளை அரித்தது. நான் அதை அறிந்தும் வாயை மூடிக்கொண்டிரு என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, பதினொரு மணிக்கு முன்னமே என் வீட்டுக்கு வந்தாள். போனை என்னுடைய சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலோடு சாய்த்து வைத்தாள்.

"உன்ர வீட்டில ஏன் எடுக்கேல்லை?"

"அங்க எண்டா வைச்சிடுவன். நீங்கள் பாத்துக்கொண்டிருந்தா வைக்கமாட்டன்."

"நான் எடுக்காத எண்டெல்லே சொல்றன்."

"ஓம். அதுதான்."

கௌசி முகம் வந்தது. வெயிலில் கறுத்து, கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. இவள் சுகம் கேட்கவில்லை. நேரே சொன்னாள். தட்டு, தாங்கி, பதினொரு மணி, இருபத்திரண்டு நாள். மகளின் முகம் அசையவில்லை. போன் உறைந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"அம்மா, நான் கேற்றடியில வாகனத்தை நிப்பாட்டிச் சொன்னனான்."

"மிச்சம் போடாதேங்கோ எண்டனீ. அது மிச்சம் இல்லைப் பிள்ளை. நாங்கள் வாயில வைக்கமுதல் வைச்சது."

"காகத்துக்கு அது தெரியுமோ? ரெண்டு வருசம். ஒவ்வொண்டுக்கும் நான் நிறை எடுத்தனான். ஒவ்வொண்டுக்கும்." அவள் முகத்தைத் துடைத்தாள். "நீங்கள் ஏன் இப்ப சொல்றீங்கள்?"

"நாளைக்கு வால்டர் போறார்."

"தெரியும் போறார் எண்டு. அம்மா, றேச்சல் எனக்கு நெக்ஸ்ற் வீக் கொன்ராக்ட் தாறா. டூ யூ அண்டர்ஸ்ராண்ட்? நீங்கள் என்ர கெஸ்ற். நீங்கள் செய்தா நான் செய்த மாதிரி."

அந்த இடத்தில் நான் வாய் திறந்தேன். "பிள்ளை சொல்றது சரி புனிதம். போனை வை."

"அன்ரியும் அங்கயோ இருக்கிறா?"

"அன்ரிதான் நிக்கிறமட்டும் வை எண்டவ" என்று சொல்லிவிட்டாள் புனிதவதி, சத்தியம் செய்கிற மாதிரி. என்னை ஏன் இழுத்தாய் என்று நான் கேட்கவில்லை. நான் சொன்னதுதான்.

"றேச்சலைக் கூப்பிடு" என்றாள் தாய்.

"அம்மா."

"நீ கூப்பிடாட்டி நான் ஆரையும் பிடிச்சுக் கூப்பிடுவன். என்ர வேலையில அமிர்தநாதர் எண்டு ஒருத்தர் இருக்கிறார், இங்கிலீசு நல்லாக் கதைப்பார். அவரைக் கொண்டு எடுப்பிப்பன். உனக்கு வெக்கம் வரும்."

கௌசி எழும்பிப் போனாள். வெறும் சுவர்தான் தெரிந்தது. நிறைய நேரம் சுவர். புனிதவதி மேசையைச் சுற்றி நடந்தாள், பல்கணிக் கதவைத் திறந்தாள், மூடினாள். திரும்பி வந்தபோது போனில் இரண்டு முகம். றேச்சல் நரைத்த கூந்தலைப் பின்னால் கட்டிய பெண், என்னுடைய மூத்த மகள் வயதிருக்கும்.

புனிதவதி தமிழில் சொல்ல, கௌசி ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் ஒருத்தி கனக்கச் சொல்லி மற்றவள் கொஞ்சமாகச் சொன்னால் அது எந்தப் பாஷையிலும் தெரியும். புனிதவதிக்கும் தெரிந்துவிட்டது.

"எத்தினை நாள் எண்டு சொன்னனீ?"

"சொன்னனான்."

"டூ எண்டு காதில விழுந்தது."

கௌசி குனிந்துகொண்டாள். புனிதவதி போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், பத்து விரலை விரித்துக் காட்டி, திரும்ப விரித்துக் காட்டி, பிறகு இரண்டு விரல் காட்டினாள். "மீ" என்றாள். "றைஸ். எவ்ரி டே. வால்டர் நோ. டோட்டர் நோ. மீ."

றேச்சல் ஒரு கொப்பியை எடுத்துத் திறந்தாள். பிறகு கேட்ட கேள்விகள் எனக்கு அதிசயமாக இருந்தன. ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. எந்த இடம், என்ன நேரம், எத்தனை பறவை, கூப்பிட்டாயா, எப்படிக் கூப்பிட்டாய் என்று கேட்டாள். கௌசி இந்த முறை ஒன்றையும் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். புனிதவதி வெட்கப்பட்டுக்கொண்டே மேசையில் கையூன்றி, கா, கா என்று கூப்பிட்டுக் காட்டினாள். றேச்சல் எழுதிக்கொண்டாள்.

பேசி முடிந்தால் நெஞ்சு இறங்கும் என்று நான் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. போன் நின்றதும் அவள் சீனிப் போத்தலைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, படியால் இறங்கி எங்கேயோ நடந்து போனாள். பின்னேரம்தான் வந்தாள்.

வால்டர் போகவில்லை. கௌசியும் போகவில்லை, ஆனால் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கொன்ராக்ட் ஒரு வருசத்துக்குப் பதிலாக ஆறு மாதம். வலைக்குள் அடுத்ததாக வளருகிற முப்பத்தொரு ஆமைகளிலும் அவள் கை வைக்கக்கூடாது. அவற்றை வேறு ஆள் பார்க்கும், புரட்டாதியில் வேறு ஆள் வெளியில் விடும். அவளை வேலி பார்க்க அனுப்பினார்கள். தாயோடு அவள் ஆறு கிழமை பேசவில்லை. ஆடியில் ஒருநாள் எடுத்தாள். வால்டரைத் தினமும் பதினொரு மணிக்குத் தாங்கிக்குப் பின்னால் நிற்கவைத்து, வருகிற அண்டங்காகத்தை விரட்டுகிறார்களாம். ஒரு வெளிச்சக் கருவியைக் காட்டிக் கலைக்கிறாராம். ஏழு இரண்டாகிவிட்டதாம். நேரமும் இடமும் தெரியாவிட்டால் இது முடிந்திருக்காது என்று றேச்சல் சொன்னாளாம். இதைச் சொல்லும்போதும் கௌசியின் குரலில் சிரிப்பு இல்லை.

"வால்டர் ஒண்டு கேக்கச் சொன்னவர்" என்றாள். "அந்த நாளெல்லாம் தாங்கிப் பக்கம் நல்ல வாசமொண்டு வந்ததாம். அது என்ன கறி எண்டு."

"கத்தரிக்காய் எண்டு சொல்லு."

"நீங்களே சொல்லுங்கோ. நான் உங்கட ஆக்களுக்கெல்லாம் மொழிபெயர்த்துக் களைச்சுப்போனன்."

புரட்டாதியில் ஆமை விடுகிற கிழமை கௌசி லீவெடுத்துக்கொண்டு வோபர்னுக்கு வந்துவிட்டாள். பக்கத்தில் நின்று பார்க்கமட்டும் தன்னால் முடியாது என்றாள். அன்றைக்கு மூன்று பேரும் புனிதவதியின் வீட்டில் இருந்தோம். மூன்று பேர் இருந்தோம் என்பது பேச்சுக்கு. நான் இருந்தேன். தாயும் மகளும் அந்தச் சின்ன அறைக்குள் எதிரும் புதிருமாக நடந்து முட்டிக்கொண்டார்கள். கௌசியும் விளிம்பில் இருக்கிறவள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"இப்ப பெட்டி திறப்பினம்" என்பாள் கௌசி. பத்து நிமிடம் கழித்து, "இல்லை, இப்பதான் திறப்பினம்" என்பாள்.

"வால்டர் படம் எடுப்பன் எண்டவரோ?" என்றாள் தாய்.

"கூப்பிடுவன் எண்டவர். அவருக்குப் போன் பிடிக்கத் தெரியாது."

வால்டர் கூப்பிட்டார். முதலில் அவருடைய கட்டை விரல்தான் தெரிந்தது. பிறகு மண், பிறகு சப்பாத்து, பிறகு ஒரு பற்றைச் செடிக்குக் கீழே கல்லு மாதிரி ஒன்று. கல்லு தலையை நீட்டியது. கௌசி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அங்கே நிற்கிறவர்களுக்குக் கேட்கக்கூடாது என்ற மாதிரி மெதுவாக எண்ணினாள். வால்டர் நடக்க நடக்க அவளும் எண்ணினாள். சிலது பெட்டியிலிருந்து வெளியே வர மாட்டேன் என்று நின்றன. ஒன்று நேரே பற்றைக்குள் போய் மறைந்தது.

"எத்தினை?" என்று புனிதவதி கேட்டாள்.

"முப்பத்தொண்டு. எல்லாம் வெளியில."

நான் அப்பாடா என்று சாய்ந்தேன். புனிதவதி சாயவில்லை. மகளின் தோளுக்கு மேலால் குனிந்து நின்றாள்.

"வால்டரை மேல காட்டச் சொல்லு."

"என்ன?"

"மேல. வானத்தைக் காட்டச் சொல்லு."

கௌசி ஆங்கிலத்தில் சொன்னாள். போன் ஆடி ஆடி நிமிர்ந்தது. படம் முழுக்க நீலம். ஒரு கம்பி குறுக்கே போனது, கம்பியில் ஒன்றும் இல்லை. வால்டர் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார், பிறகு இன்னொரு சுற்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை. தாயும் மகளும் தலையோடு தலை முட்ட அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்ளே நீலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கை நோகப்போகிறது அந்த மனிதருக்கு, விடுங்கோ என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.